‘இல்லை’ என்று எழுதுகிறவன் காட்ட வேண்டியது

கணினி ஒன்று "இல்லை" என்று பதில் சொன்னால், அதற்குச் சான்று கேட்கலாமா, கூடாதா? கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரனுக்கும் எனக்கும் இதில்தான் சண்டை. சண்டை என்றால் பேச்சு நின்றுபோகிற அளவுக்கு இல்லை. அவன் பாட்டி இரண்டு முறை "காபி ஆறிப்போச்சு" என்று சொல்கிற அளவுக்கு. அவன் திரும்பிப் போய் மூன்று வாரம் ஆகிறது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் என் கட்சியை இங்கே எழுதி வைக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் என் வயசுக்காரர்கள். கணினி என்றால் பேரப்பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிட வேண்டாம். ஃபைல் பார்த்துப் பழகியவர்களுக்கு நன்றாகவே புரிகிற விஷயம் இது.

முதலில் என்ன கணக்கு என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் கல்யாணம். முப்பது உறவினர்கள். பெரிய மாமா வந்தால் சித்தப்பா வரமாட்டார். சித்தப்பா, சின்ன அத்தை இருவரில் ஒருவராவது வந்தே ஆக வேண்டும். சின்ன அத்தை பெரிய மாமா இல்லாமல் படி தாண்டமாட்டாள். இப்படி நூறு நிபந்தனைகள். எல்லா நிபந்தனையும் நிறைவேறும்படி ஒரு விருந்தினர் பட்டியல் போட முடியுமா? ஒவ்வொருவரும் வருவார் அல்லது வரமாட்டார், இரண்டில் ஒன்று. முப்பது பேருக்கு 107 கோடிக்கு மேல் பட்டியல்கள் சாத்தியம். இந்த ஜாதிக் கணக்குக்குச் ‘சாட்’ என்று பெயர். 1971-இல் ஸ்டீபன் குக் என்பவர் இது எவ்வளவு முரட்டுக் கணக்கு என்று காட்டினார். வேறு எத்தனையோ கடினமான கணக்குகளை இதன் உருவத்துக்கு மாற்றிவிடலாம் என்பதும் அதில் அடங்கியது. இதைத் தீர்க்கும் நிரல்களை ‘சால்வர்’ என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

விளையாட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 1994-இல் பென்டியம் சில்லில் வகுத்தல் தவறாக வந்து, இன்டெல் 47.5 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுதியது ஞாபகம் இருக்கலாம். அதற்குப் பிறகு, சில்லைச் செய்யுமுன்பே "இந்தச் சுற்றில் தவறான விடை வர வழி உண்டா?" என்று தர்க்கமாகக் கேட்டுப் பார்க்கும் முறைகளுக்கு மதிப்பு கூடியது. அங்கே கேள்வி சாட் கணக்காக மாறி சால்வரிடம் போகிறது. சால்வர் "இல்லை" என்றால் சில் தயாராகிறது. அந்த ஒரு "இல்லை"யை நம்பித்தான் காசு போடுகிறார்கள்.

இந்த சால்வர்களுக்குள் போட்டி நடக்கிறது. 2002-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் நடந்த சாட் மாநாட்டை ஒட்டி நடந்த போட்டியை நடத்தியவர்களில் இருவர் பிரெஞ்சுக்காரர்கள்: தனியேல் லு பேர், லோரான் சிமோன். மூன்றாமவர் ரஷ்யாவின் எட்வர்ட் ஹிர்ஷ். லு பேர் வேலை செய்வது வட பிரான்சில் லான்ஸ் என்ற ஊரில். என்னைப்போல் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு லான்ஸ் என்றால் பூகோளப் புத்தகத்தில் நிலக்கரிச் சுரங்கப் படம்தான் நினைவுக்கு வரும். சுரங்கங்கள் மூடி வெகுகாலம் ஆயிற்று. அங்கே இப்போது தர்க்கம் தோண்டுகிறார்கள் என்று பேரன் சொன்னபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. இந்தப் பழைய பாசம் இல்லாவிட்டால் இந்த விஷயத்தில் இவ்வளவு தூரம் புகுந்திருக்கமாட்டேன்.

போட்டி நியாயமாக நடக்க அவர்கள் படும் பாட்டை முதலில் பாராட்டியாக வேண்டும். எல்லா சால்வருக்கும் ஒரே மாதிரி இயந்திரம், ஒரே நினைவக அளவு. நேரத்தையும் நினைவகத்தையும் அளந்து, வரம்பு தாண்டினால் நிறுத்துவதற்கென்றே லான்ஸில் ஒலிவியே ருசேல் ஒரு நிரல் எழுதினார். ஒரு சால்வர் வேலையைப் பத்துப் பிள்ளை நிரல்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு "நான் ஒன்றும் செய்யவில்லை" என்று உட்கார்ந்தாலும், பிள்ளைகளின் நேரத்தையும் கூட்டிக் கணக்கில் வைக்கும். மஸ்டர் ரோலில் பேர் இல்லாத ஆளை வைத்து வேலை வாங்குகிற காண்டிராக்டரைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அதிர்ஷ்டம் என்று ஒன்றும் இருக்கிறது. கல்யாணப் பட்டியலில் பெயர்களின் வரிசையை மாற்றினால் கணக்கு மாறாது. சால்வர் எங்கே தேட ஆரம்பிக்கிறது என்பது மாறிவிடும். ஒரு வரிசையில் நொடியில் விடை, இன்னொரு வரிசையில் மணிக்கணக்கு. கணக்கை அடையாளம் கண்டு பழைய விடையை ஒப்பிக்கக்கூடாது என்பதற்காக ஆரம்ப காலத்தில் எண்களைக் குலைத்துக் கொடுத்தார்கள். அந்தக் குலைப்பே சிலருக்கு லாட்டரியாகவும் சிலருக்குச் சனியனாகவும் முடிந்தது. 2003 போட்டியை நடத்தியவர்களே இதை மறைக்காமல் எழுதி வைத்தார்கள். நடத்துகிறவர்கள் தங்கள் குறையைத் தாங்களே எழுதுவது நான் பணியில் இருந்தவரை அதிகம் பார்க்காத பழக்கம்.

பிறகு ஒரு விதி வந்தது: போட்டியில் சேரும் ஒவ்வொரு அணியும் 20 புதிய கணக்குகளைக் கொண்டுவர வேண்டும். பரீட்சை எழுதுகிறவனே கேள்வித்தாளையும் கொண்டுவருவதா என்று நான் சிரித்தேன். பேரன் சொன்னான்: "எல்லாரும் கொண்டு வர்றாங்க தாத்தா. அதுல நடத்துறவங்க கொஞ்சத்தத்தான் எடுப்பாங்க. புதுக் கணக்கு வேற யாரு தருவா?" சரி, அதை ஒப்புக்கொண்டேன்.

நான் ஒப்புக்கொள்ளாதது முதல் இடம், இரண்டாம் இடம் என்று இவர்கள் ஆடுகிற ஆட்டத்தை. முதன்மைப் பிரிவில் அண்மை ஆண்டுகளில் 400 கணக்குகள். ஒரு கணக்குக்கு 5,000 விநாடி, அதாவது 1 மணி 23 நிமிடம் 20 விநாடி. தீர்த்தால் எடுத்துக்கொண்ட நேரம் மதிப்பெண்ணாகச் சேரும். தீர்க்காவிட்டால் வரம்பைப்போல் இரண்டு மடங்கு, 10,000 சேரும். மொத்தம் குறைவாக இருப்பவர் வென்றவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் ஒரு தாளை எடுத்து, எங்கள் ஆபீசில் டெண்டருக்குக் கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் போடுவதைப்போல் இரண்டு கற்பனை சால்வர்களுக்குப் பத்தி பிரித்துப் போட்டுப் பார்த்தேன்.

முதலாவது 250 கணக்கைச் சராசரி 500 விநாடியில் தீர்க்கிறது. நேரம் 1,25,000. தீர்க்காத 150-க்கு அபராதம் 15,00,000. கூட்டினால் 16,25,000. இரண்டாவது 252 கணக்கைத் தீர்க்கிறது, ஆனால் சராசரி 700 விநாடி. நேரம் 1,76,400, அபராதம் 14,80,000, மொத்தம் 16,56,400. இரண்டு கணக்குக் கூடுதலாகப் போட்டவன் தோற்றான். இப்போது அபராதத்தை இரண்டு மடங்குக்குப் பதில் பத்து மடங்காக்குங்கள். முதலாவதுக்கு 76,25,000. இரண்டாவதுக்கு 75,76,400. தோற்றவன் ஜெயித்துவிட்டான்! சால்வரில் ஒரு எழுத்து மாறவில்லை. விதி எழுதியவர் பேனா மட்டும் மாறியது. இரண்டு என்பதும் பத்து என்பதும் வானத்திலிருந்து விழுந்த எண்கள் அல்ல, யாரோ உட்கார்ந்து போட்டவை. விதி முன்கூட்டியே தெரிந்து எல்லாருக்கும் ஒன்றாக இருக்கும்வரை அதில் அநியாயம் இல்லை. ஆனால் அந்த விதியில் நூலிழையில் வென்றதை வைத்துக்கொண்டு "உலகிலேயே சிறந்த சால்வர்" என்று மார் தட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. ‘இந்த 400 கணக்கில், இந்த விதிப்படி, இந்த வருஷம்’ என்று எழுதினால் குறைந்தா போய்விடும்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் செய்த சாட்ஜில்லா இதைவிட வேடிக்கை. அது தானாகப் பெரிதாக ஒன்றும் தீர்க்காது. கணக்கைப் பார்த்து, மற்றவர்கள் செய்த சால்வர்களில் எது இதற்குப் பொருந்தும் என்று ஊகித்து அதை ஓட்டும். 2007-லும் 2009-லும் பதக்கங்களை அள்ளியது. எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று அறிந்த தபால் பிரிவு கிளார்க் மாதிரி. அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அதுவே ஆபீசில் பாதி வேலை. ஆனால் பதக்கம் சமைத்தவனுக்கா, பரிமாறியவனுக்கா என்ற கேள்வி எழுந்தது. பின்னால் முதன்மைப் பிரிவுகளில் இப்படிப் பலர் சால்வரைக் கூட்டிக் கட்டுவதற்குத் தடை வந்தது. சரியான தடை.

இனி சண்டைக்கு வருகிறேன்.

சால்வர் "உண்டு" என்று சொன்னால் கூடவே விருந்தினர் பட்டியலையும் கொடுத்தாக வேண்டும். அந்தப் பட்டியலை நூறு நிபந்தனையோடும் பென்சிலால் டிக் போட்டுச் சரிபார்க்கலாம், பத்து நிமிஷ வேலை. பொய் சொன்னால் அங்கேயே பிடிபடும். "இல்லை" என்று சொன்னால்? எதைக் கையில் கொடுப்பது? 107 கோடிப் பட்டியலும் ஆகாது என்று எப்படிக் காட்டுவது? பல காலம் போட்டியில் அதற்கு வைத்திருந்த வழி இதுதான்: வேறொரு சால்வர் அதே கணக்குக்கு "உண்டு" என்று பட்டியலோடு வந்தால், "இல்லை" என்றவனைப் போட்டியிலிருந்து நீக்குவார்கள். யாரும் அப்படி வராவிட்டால் "இல்லை" என்றவனுக்கு முழு மதிப்பெண்.

ஒரு நிமிஷம் இதை யோசித்துப் பாருங்கள். மிகக் கடினமான கணக்கு. யாராலும் தீர்க்க முடியவில்லை. ஒருத்தன் மட்டும் "இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். மறுக்க ஆள் இல்லை. எந்தக் கணக்கில் பிடிபட வாய்ப்பு மிகக் குறைவோ அங்கேதான் அவனுக்குப் பெருமையும் அதிகம். இவர்கள் வேண்டுமென்று பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான வரி நிரலில் ஒரு வரி தப்பினால் போதும். 2010-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்து ஆய்வாளர்கள் புரூம்மயர், லோன்சிங், பியரே மூவரும் தாறுமாறாகச் சின்னச் சின்னக் கணக்குகளை உண்டாக்கி சால்வர்களுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். பேர் பெற்ற சால்வர்களிலும் குறைகள் வெளியே வந்தன, தவறான பதில் உட்பட.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருந்தது. சால்வர் தேடும்போது வழியில் பல உண்மைகளைக் கண்டுபிடிக்கும்: "பெரிய மாமாவும் மூத்த அண்ணியும் சேர்ந்து வரவே முடியாது" என்பதுபோல. இவற்றை ஒவ்வொன்றாக வரிசையாக ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரிகளிலிருந்து வருகிறதா என்று வேறொரு சின்ன நிரல் சோதிக்கும். கடைசி வரியில் முரண்பாடு வந்து நின்றால் "இல்லை" நிரூபணம் ஆனது. நம் நோட்டு ஃபைல்தான் இது! பாரா 14 எழுதினால் ‘மேலே பாரா 6, 9 பார்க்கவும்’ என்று காட்ட வேண்டும். காட்டாமல் எழுதினால் சூப்பரின்டென்டென்ட் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவார். சோதிக்கும் நிரல் சின்னதாக இருப்பதால் அதை நம்புவது சுலபம். அதுவே சரிதான் என்று கணித முறையில் நிரூபித்த சோதனை நிரல்களும் இன்று இருக்கின்றன. சான்று கேட்பது முதலில் விருப்பமுள்ளவர்களுக்கான தனிப் பிரிவாக இருந்தது. பின்னர் முதன்மைப் பிரிவிலேயே கட்டாயமாயிற்று.

இந்தக் கட்டாயம்தான் அநியாயம் என்கிறான் பேரன். அவன் வாதத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், அவனும் இதைப் படிப்பான். "தாத்தா, சில கணக்குல ஒத்தை இரட்டை பார்த்து, சமன்பாடு மாதிரிக் கழிச்சுப் போட்டா நிமிஷத்துல முடிஞ்சிரும். ஆனா அதை அந்தச் சான்று மொழியில எழுத முடியாது, எழுதினா மலையளவு ஆகும். அதனால சான்று எழுதறப்போ அந்த உத்தியையே அணைச்சு வெக்கறாங்க. நல்ல மூளை இருந்தும் பயன்படுத்தக்கூடாதுன்னா அது என்ன நியாயம்? போட்டி வேகத்துக்கா, எழுத்து வேலைக்கா?"

அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. அப்படி உத்திகளை அணைத்து வைத்தது நடந்ததுதான். இதற்குப் பழைய உதாரணம் புறாக் கணக்கு. பத்துக் கூடு, பதினோரு புறா. கூட்டுக்கு ஒரு புறா என்றால் எல்லாவற்றையும் அடைக்க முடியுமா? முடியாது என்று குழந்தை சொல்லும். ஆனால் இந்த சால்வர்கள் உள்ளுக்குள் நடக்கிற அடிப்படைத் தர்க்க முறையில் அதை நிரூபிக்கப் போனால், புறா கூடக் கூட நிரூபணத்தின் நீளம் தலைகால் தெரியாமல் பெருகும். 1985-இல் ஹேக்கன் என்பவர் இதைத் தீர்மானமாகக் காட்டினார். ஆக, உண்மையான "இல்லை"யே ஒரு குறிப்பிட்ட மொழியில் எழுத முடியாதபடி நீளமாகலாம்.

அதற்காக என்ன செய்வது? சான்று வேண்டாம் என்று விட்டுவிடுவதா, நல்ல சான்று மொழி தேடுவதா? இங்கேதான் அவன் கட்சி சாய்கிறது. ஹேக்கனுக்கு முன்பே, 1976-இல், மேலே சொன்ன அதே குக் ஒரு வழி காட்டியிருந்தார்: நிரூபணத்தின் நடுவில் புதுப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ள அனுமதித்தால் புறாக் கணக்கின் சான்று கையடக்கமாகிவிடும். இன்றைய சான்று மொழி அந்த அனுமதியைத் தருகிறது. ஒத்தை இரட்டைக் கணக்குக்கும் வழி தேடிக்கொண்டே இருக்கிறார்கள். 2023 போட்டியில் வேறு சான்று மொழிகளையும் ஏற்றுக்கொண்டார்கள் என்று பேரனே சொன்னான், தன் கட்சிக்கு எதிராக. கேட்டதால்தானே மொழி வளர்ந்தது? 2013 வாக்கில் "பாவம், எழுதச் சிரமப்படுகிறார்கள்" என்று விட்டிருந்தால் இன்றைக்கும் வாய்ச்சொல்லையே நம்பிக்கொண்டிருப்போம். தமிழில் விண்ணப்பம் எழுதினால் வாங்கமாட்டோம் என்று இருந்த காலத்தில், விண்ணப்பமே வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? தமிழிலும் வாங்கு என்றுதானே கேட்டோம்?

அப்புறம் அந்த "வேகத்துக்கா எழுத்து வேலைக்கா" என்ற கேள்வி. எழுத்து வேலை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இளக்காரம். எனக்கு அது சுருக்கென்று தைத்ததற்குக் காரணம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், பாட்டி அன்றைக்குச் சொல்லவிடவில்லை.

எழுபதுகளின் கடைசி. நான் வேலை பார்த்த ஆபீசில் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகள் இருந்தன. பிறப்பு, திருமணம், இறப்பு. பிரெஞ்சு படித்தவன் என்பதால் தேடித் தருகிற வேலை என் தலையில். ஒரு அம்மா வந்தார். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து இறந்தவர். விதவைப் பென்ஷனுக்குத் திருமணப் பதிவு நகல் வேண்டும். பேர் கோவிந்தசாமி. நான் அகராதி வரிசைப் பட்டியலில் ‘ஜி’ எழுத்தைப் பார்த்தேன். அந்த அம்மா சொன்ன வருஷம், முந்தின வருஷம், பிந்தின வருஷம். காணோம். விண்ணப்பத்தின் ஓரத்தில் ‘நெயான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிரெஞ்சு ஆபீசில் ‘இல்லை’ என்பதற்கு அதுதான் வார்த்தை. ஒரே சொல். எழுத அரை விநாடி. அன்றைக்கு மட்டும் அப்படி முப்பது விண்ணப்பம் முடித்திருப்பேன். சீக்கிரம் முடிக்கிறவன் என்று எனக்கு நல்ல பேர் வேறு.

ஒன்றரை வருஷம் கழித்து அந்த அம்மாவின் மகன் வேறொருவரைப் பிடித்துத் தேடியபோது பதிவு கிடைத்தது. ‘சி’ எழுத்தில். பிரெஞ்சுக் குமாஸ்தாக்கள் நம் ‘கோ’வை ‘சி’ போட்டும் எழுதுவார்கள், ‘ஜி’ போட்டும் எழுதுவார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதற்குள் அந்த அம்மா வீட்டில் பாதியை விற்றிருந்தார். என்னை வந்து திட்டக்கூட இல்லை. மகன்தான் வந்து நகலை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

எங்கள் தலைமைக் குமாஸ்தா, அந்தக் காலத்து மனிதர், என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போடவில்லை. மறுநாள் முதல் ஒரு விதி போட்டார். ‘நெயான்’ எழுதுகிறவன் கீழே எந்த எந்தப் பதிவேடு, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, பெயரை எத்தனை விதமாக எழுத்துக் கூட்டித் தேடினான் என்று பட்டியல் எழுத வேண்டும். ‘உண்டு’ என்பவன் நகலை இணைத்தால் போதும். எங்களுக்கெல்லாம் எரிச்சல். முப்பது விண்ணப்பம் முடித்த இடத்தில் பன்னிரண்டுதான் முடிந்தது. மேலிடத்திலிருந்து வேலை தேங்குகிறது என்று மெமோ வந்தது. ஆனால் பட்டியல் எழுத உட்கார்ந்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? எழுதும்போதே ‘அட, சி-யில் பார்க்கவில்லையே’ என்று கை நிற்கும். எழுந்துபோய் மறுபடி பார்ப்போம். ‘இல்லை’ என்று எழுதப் போனவை பல ‘உண்டு’ ஆயின.

அதனால்தான் பேரன் "சான்று எழுதினால் சால்வர் மெதுவாகிறது" என்றபோது எனக்குக் கோபம் வந்தது. மெதுவாகட்டுமே. சான்று இல்லாத வேகம் என்ன வேகம்? நான் முப்பது விண்ணப்பம் முடித்த வேகம்.

வேண்டுமானால் எனக்கும் ஒரு குறை உண்டு, அது பேரன் கட்சிக்குச் சாதகம். "தெரியவில்லை" என்று நேரம் முடியுமுன் கையைத் தூக்கிவிடுகிற சால்வருக்கும், கடைசி விநாடிவரை மூச்சுத் திணறியதற்கும் ஒரே அபராதம். ‘எனக்கு இது ஆகாது, வேறு ஆளைப் பாருங்கள்’ என்று சீக்கிரம் சொல்வதற்கும் ஒரு மதிப்பு இல்லையா? பத்து நிமிஷத்தில் அந்த ‘தெரியவில்லை’யை நான் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவர் அடுத்த மேசைக்குப் போயிருப்பார்.

சான்று மலையளவு ஆகும் என்கிறவர்களுக்கு ஒன்று. 2016-இல் ஹ்யூலே, குல்மன், மாரெக் என்ற மூவர் ஒரு பழைய எண் கணிதக் கேள்வியைச் சால்வரால் தீர்த்தார்கள். மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்தால் ஐந்தின் வர்க்கம் என்று படித்தோமே, அந்த மாதிரி மூன்று எண்கள் ஒரே நிறத்தில் அமையாதபடி எண்களுக்கெல்லாம் சிவப்பு, நீலம் என இரண்டு நிறம் பூச முடியுமா? 7,824 வரை முடியும். 7,825 வரை போனால் முடியாது. அந்த "முடியாது"க்கு அவர்கள் எழுதிய சான்று சுமார் 200 டெராபைட். எந்த மனிதனும் படிக்க முடியாது. ஆனாலும் எழுதினார்கள், இயந்திரத்தால் சோதித்தார்கள். ரொனால்ட் கிரகாம் என்ற கணித மேதை இதற்கு அறிவித்திருந்த பரிசு வெறும் 100 டாலர்! நூறு டாலர் கேள்விக்கு இத்தனை பெரிய சான்று எழுதலாம், சில் செய்கிறவனுக்கும் விமானம் செய்கிறவனுக்கும் பதில் சொல்லப்போகிற சால்வர் எழுதக்கூடாதா?

நேற்று இரவு இதை எழுதி முடித்துப் பேரனுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். புறாவுக்கும் 2023-க்கும் அவன் மறுப்புச் சொல்லவில்லை. கோவிந்தசாமி கதையைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தத் தலைமைக் குமாஸ்தா பட்டியல் எழுதச் சொன்னப்போ ‘சி’, ‘ஜி’ ரெண்டும் எழுதினீங்க. ‘கே’ எழுத்துல தேடினீங்களா தாத்தா?" என்றான்.

பழைய பதிவேடுகளில் ‘கே’ போட்டு எழுதிய பெயர்கள் அபூர்வம். ஆனால் இல்லாமல் இல்லை. தேடவில்லை என்றுதான் சொன்னேன்.